கதவு திறக்க 96 நாள்: குமரி மாவட்டத்தில் ஒரு குடும்ப வன்முறை வழக்கு

இந்த வழக்கின் மனுதாரருக்கு வயது 31. பி.காம். படித்தவர். அம்மா வீடு தோவாளைப் பக்கம். கட்டிக்கொடுத்த இடம் மார்த்தாண்டத்தைத் தாண்டி, ரப்பர் விளைகளுக்கு நடுவே ஒரு வீடு. இரண்டு பிள்ளைகள்: மூத்தவள் நான்காம் வகுப்பு, இளையவன் யுகேஜி. இலவச சட்ட உதவிக்கான வழக்கறிஞர் பட்டியலில் இருப்பவள் என்ற முறையில் நான்தான் இந்த மனுவை நடத்துகிறேன். அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயரை விட்டுவிட்டேன், ஆள் அடையாளம் தெரியாமலிருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். காவல் நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம் எதையும் பெயர் சொல்லிக் குறிப்பிடப் போவதில்லை. ஒரே ஓர் அலுவலகத்தின் குறை என்றால் இதை எழுத வேண்டியே வந்திருக்காது.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதைப் படித்தால் ஒன்று கண்ணில் படும். அது நாள் எண்ணும் சட்டம். மனு கொடுத்தால் சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை. நோட்டீஸை இரண்டு நாளுக்குள் எதிர்த்தரப்பிடம் சேர்க்க வேண்டும். முதல் விசாரணையிலிருந்து அறுபது நாளுக்குள் மனுவை முடிக்க நடுவர் (மாஜிஸ்திரேட்) முயல வேண்டும். அடிபட்டு வெளியே நிற்கும் பெண்ணுக்கு ஒவ்வொரு நாளும் ஆபத்து என்று தெரிந்தவர்கள் எழுதிய சட்டம் இது.

இந்த வழக்கில் அவர் வெளியேற்றப்பட்ட இரவிலிருந்து அதே வீட்டின் கதவு அவருக்குத் திறக்க 96 நாள் ஆனது. அந்த நாட்கள் எங்கெங்கே கழிந்தன என்று ஒவ்வொன்றாகப் பார்க்க விரும்புகிறேன். சட்டத்தை எங்கே பலப்படுத்த வேண்டும் என்பதற்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

41 பவன்

கல்யாணம் ஆகி ஒன்பது வருடம். நகை 41 பவன். அதில் 18 பவன் முதல் வருடமே அடகுக்குப் போனது, கணவரின் கல்ஃப் விசாவுக்காக. அவர் ஏசி மெக்கானிக்காக ஆறு வருடம் அங்கே இருந்தார். அனுப்பிய பணத்தில் அவருடைய அம்மா பெயரிலிருந்த ஏழு சென்ட் நிலத்தில் வீடு எழும்பியது. மீதி நகை மாமியார் பெயரில் இருந்த லாக்கருக்குப் போனது. திரும்பி வந்த பிறகு நிலையான வேலை இல்லை, குடி தொடங்கியது, அடியும் கூடவே வந்தது.

இதற்கிடையில் மனுதாரருடைய ஏடிஎம் கார்டு கணவரின் பர்ஸில் இருந்தது. மாதாமாதம் அவருடைய கணக்கில் விழும் மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாயை ஒருமுறைகூட அவர் கையால் எடுத்ததில்லை. அடித்ததைச் சொன்னவர் இதைச் சொல்லவே இல்லை. நான் கேட்ட பிறகுதான், "அதெல்லாம் இதுல வருமா அக்கா?" என்றார். வரும். சட்டத்தின் 3ஆம் பிரிவு உடல்ரீதியான, பாலியல்ரீதியான, சொல்லாலும் மனதாலும் இழைக்கும் கொடுமைகளோடு பொருளாதாரக் கொடுமையையும் வன்முறை என்றே சொல்கிறது. செலவுக்குக் கொடுக்காமல் இருப்பது, சீதனப் பொருளைத் தன் வசம் வைத்துக்கொள்வது, அவளுக்கு உரிமையான பணத்தைத் தொட விடாமல் செய்வது எல்லாம் அதில் அடங்கும்.

இந்த மாவட்டத்தில் சீதனம் என்ற சொல்லின் கனம் வேறு. 1956 நவம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேரும் வரை நாம் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தவர்கள். அங்கே கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1916இல் வந்த வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் அப்பா இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால் பங்கு அல்லது 5000 ரூபாய், இதில் எது குறைவோ அது. சீதனம் கொடுத்தாகிவிட்டது என்றால் அதுவும் கிடையாது. 1986இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் 1951 முதலே செல்லாது என்றது. ஆனால் "அவளுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து அனுப்பியாச்சு" என்ற எண்ணம் மதம், சாதி பார்க்காமல் இன்னும் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதனால் இங்கே ஒரு பெண்ணின் நகை போனால் அவளுடைய மொத்தப் பங்கும் போனதாகவே அர்த்தம். திரும்பி வந்தால் அம்மா வீட்டில் அவள் விருந்தாளி.

2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே அதிகம். படிப்பு பெண்களைக் காப்பாற்றிவிடும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் (2019-21) தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். நாடு முழுவதுக்குமான கணக்கு சுமார் 29.

அந்த இரவும் அதற்கு முந்தைய காகிதங்களும்

ஐப்பசி மழை. கழுத்தில் மிச்சமிருந்த ஒரு செயினைக் கழற்றிக் கொடு என்று கணவர் கேட்டிருக்கிறார். கொடுக்கவில்லை. தென்னை மட்டையால் அடித்ததில் இடது மணிக்கட்டில் எலும்பு விரிந்தது. பிள்ளைகளோடு வெளியே தள்ளி உள்ளே தாழ்ப்பாள் போட்டாயிற்று. பக்கத்து விளை அம்மா, "மக்களே, உள்ள வா" என்று மூன்று பேரையும் அன்றிரவு வைத்துக்கொண்டார். பெண்கள் உதவி எண் 181க்கு ஒரு போன் போட்டிருக்கலாமே என்று பின்னால் அவரிடம் கேட்டேன். "நாளைக்கு நான் கோர்ட்டு கேஸுன்னு அலையவா மோளே?" என்றார். நல்லெண்ணத்தோடு தகவல் சொல்பவர் மீது சிவில், குற்றவியல் பொறுப்பு எதுவும் வராது என்று 4ஆம் பிரிவு உறுதி கொடுக்கிறது. அது அவருக்குத் தெரியாது. அக்கம்பக்கத்தார் யாருக்கும் தெரியாது.

இது முதல் அடி இல்லை. இரண்டு வருடம் முன்பு புருவத்தில் நான்கு தையல் போட்டிருக்கிறார்கள். அந்த மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு (ஏஆர்) காப்பியை வாங்கிப் பார்த்தேன். "கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்கிறார்" என்று பதிவாகியிருந்தது. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "அவிய பக்கத்துலதானே நின்னாவ" என்றார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அடித்தவர், இந்தப் பக்கம் கேள்வி கேட்கும் டாக்டர். வேறு என்ன சொல்ல முடியும்? ஒரு செவிலியர் கணவரை இரண்டு நிமிடம் வெளியே அனுப்பியிருந்தால் அந்தக் காகிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். இந்தச் சட்டத்தின் 2006 விதிகளின்படி, வன்முறைக்கு ஆளான பெண் சிகிச்சை கேட்டு வந்து, அதுவரை குடும்ப நிகழ்வு அறிக்கை (டிஐஆர்) எழுதப்படாமல் இருந்தால், மருத்துவமனையே அதற்கான படிவம் 1ஐ நிரப்பி, இந்தச் சட்டத்தின் கீழ் அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். பரிசோதனை அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். என் அனுபவத்தில் மருத்துவமனையிலிருந்து வந்த படிவத்தை நான் பார்த்ததே இல்லை.

அடுத்தது காவல் நிலையம். அந்த இரவுக்கு முன்பே மூன்று முறை போயிருக்கிறார். மூன்று முறையும் சிஎஸ்ஆர் ரசீது (எஃப்ஐஆர் போடாமல், மனு வந்ததற்குக் கொடுக்கும் ரசீது) கொடுத்தார்கள், கணவரைக் கூப்பிட்டார்கள், பேசினார்கள், எழுதி வாங்கினார்கள். "இனிமேல் குடித்துவிட்டு வந்து என் மனைவியை அடிக்க மாட்டேன், மீறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்க சம்மதிக்கிறேன்." மூன்று காகிதத்திலும் கிட்டத்தட்ட இதே வாசகம், மூன்று கையெழுத்து. நான்காவது முறையாக, வெளியேற்றப்பட்ட நான்காம் நாள் மனு கொடுத்தபோதும் கவுன்சிலிங் என்று மூன்று தேதி கொடுத்தார்கள். 27ஆம் நாள் வரை அதிலேயே போனது. கணவர் ஒரு தேதிக்கு வந்தார், இரண்டு தேதிக்கு வரவில்லை.

புகார் வந்தால் காவலர் செய்ய வேண்டியது 5ஆம் பிரிவில் தெளிவாக இருக்கிறது. இந்தச் சட்டத்தில் நிவாரணம் கேட்கும் உரிமை, பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பது, இலவச சட்ட உதவி, குற்றவியல் புகார் கொடுக்கும் உரிமை ஆகிய எல்லாவற்றையும் அவளிடம் சொல்ல வேண்டும். கணவரும் அவர் வீட்டாரும் செய்யும் கொடுமைக்கான பழைய 498ஏ, இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு. மூன்று வருடம் வரை சிறை. அந்த நான்கு வருகையில் ஒருமுறையாவது யாராவது இதைச் சொன்னார்களா என்று கேட்டேன். "அனுசரிச்சுப் போன்னுதான் சொன்னாவ."

ஆனால் அந்த மூன்று காகிதங்கள்தான் பின்னால் எங்களுடைய வலுவான சாட்சியம் ஆயின. அடித்ததில்லை என்று எதிருரை போட்டவர், "இனிமேல் அடிக்க மாட்டேன்" என்று தன் கையெழுத்திலேயே மூன்று முறை ஒப்புக்கொண்டிருந்தார். அதனால் எல்லாப் பெண்களிடமும் ஒன்று சொல்கிறேன்: காவல் நிலையத்தில் எழுதி வாங்கினால் அதற்கு ஒரு நகல் கேட்டு வாங்குங்கள். கொடுக்கவில்லை என்றால் சிஎஸ்ஆர் எண்ணையும் தேதியையும் குறித்து வையுங்கள்.

படிவம் எழுதிய மதியம்

29ஆம் நாள் நாகர்கோவிலில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு வந்தார். பெண் என்றாலே போதும், வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 1987 சட்டத்தின் 12ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. 15100க்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். அவருக்கு இதைச் சொன்னது அம்மா பூ கட்டிக் கொடுக்கும் கடைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தையல்கார அக்கா.

33ஆம் நாள் பாதுகாப்பு அலுவலரோடு உட்கார்ந்து டிஐஆர் எழுதினோம். மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கி ஆறு மணி வரை. அந்தப் படிவத்தில் நடந்த தேதி, நேரம், இடம், யார் செய்தது என்று கட்டம் கட்டமாகக் கேட்கும். ஒன்பது வருடத்தில் எந்தத் தேதி ஞாபகம் இருக்கும்? அவர் தேதியைச் சொல்லவில்லை. "மோளுக்கு காது குத்துனதுக்கு மறுநாள்", "ஓணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி", "எங்க அப்பாவுக்க பதினாறாம் நாள் அன்னைக்கு" என்று சொன்னார். நான் போனில் பழைய காலண்டரைத் திறந்து ஒவ்வொன்றையும் தேதியாக்கிக் கொண்டேன். நடுவே இளையவன் தூங்கிவிட்டான். அவனை மடியில் போட்டுக்கொண்டு, கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடி பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பாலியல் கொடுமை பற்றிய கட்டம் வந்தபோது வெகுநேரம் பேசவில்லை. பாதுகாப்பு அலுவலர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "நீங்க சொல்றப்போ சொல்லுங்க, அவசரம் இல்ல" என்று ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். அதற்கப்புறம்தான் சொன்னார். இந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு நான் பார்த்த நல்ல பாடம் அது.

டிஐஆர் இல்லாவிட்டாலும் நடுவர் மனுவை எடுத்து ஆணை போடலாம் என்று 2022இல் பிரபா தியாகி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. வன்முறை நடந்து ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும் என்ற வாதமும் நிற்காது. அதே வருடம் தமிழ்நாட்டிலிருந்து போன காமாட்சி வழக்கில் அதுவும் முடிந்தது. இருந்தாலும் டிஐஆரைக் கவனமாக எழுதினால் பின்னால் குறுக்கு விசாரணையில் அதுவே துணை நிற்கும்.

35ஆம் நாள் மனு தாக்கல் ஆனது. எந்த நீதிமன்றத்தில்? அவர் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்திலும் போடலாம் என்று 27ஆம் பிரிவு சொல்வதால் அம்மா வீடு இருக்கும் எல்லையிலேயே போட்டோம். இது சின்ன விஷயம் இல்லை. தோவாளையிலிருந்து வடசேரி, வடசேரியிலிருந்து மார்த்தாண்டம் என்று இரண்டு பஸ் ஏறி, கணவர் வீட்டு ஆட்கள் நிற்கும் கோர்ட் வாசலில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய் நிற்க வேண்டியிருந்தால் பாதியிலேயே விட்டிருப்பார்.

நோட்டீஸும் என் தவறும்

முதல் விசாரணை 49ஆம் நாள். தாக்கலிலிருந்து பதினான்கு நாள். நோட்டீஸ் "ஆள் ஊரில் இல்லை" என்று 63ஆம் நாள் திரும்பியது. "வீடு பூட்டியிருக்கிறது" என்று 77ஆம் நாள் மறுபடி திரும்பியது. நோட்டீஸைச் சேர்ப்பது பாதுகாப்பு அலுவலரின் பொறுப்பு. ஆனால் தோவாளையிலிருந்து கொல்லங்கோடு வரை நீளும் இந்த மாவட்டத்தின் மனுக்கள், டிஐஆர், கோர்ட், தங்குமிடம் என்று எல்லாமே அவர் தலையில்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மாவட்ட அளவில் மட்டுமல்லாமல் வட்ட அளவிலும் துறை அலுவலர்களைப் பாதுகாப்பு அலுவலர்களாக நியமிக்க வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. விளவங்கோடு வட்டத்துக்கென்று முழுநேரமாக ஒருவர் இருந்திருந்தால் அந்த நோட்டீஸை இரண்டு நாளில் கையில் கொடுத்திருப்பார். வேறு வேலையோடு கூடுதல் பொறுப்பாகக் கொடுத்து இந்தப் பதவியை நிரப்பக் கூடாது என்பதே என் கோரிக்கை.

என் தவறையும் இங்கே சொல்லியாக வேண்டும். எதிர்த்தரப்பு வராமலேயே இடைக்கால ஆணை போட 23(2) பிரிவு அனுமதிக்கிறது. படிவம் 3இல் பிரமாண வாக்குமூலம் கொடுத்தால் போதும். அதை மனுவோடு சேர்த்தே தாக்கல் செய்திருந்தேன். ஆனால் 49ஆம் நாள் நோட்டீஸ் உத்தரவானதும், அது சேர்ந்துவிடும் என்ற நம்பிக்கையில் இடைக்கால மனுவை வலியுறுத்தி வாதிடவில்லை. 77ஆம் நாள்தான் எழுந்து நின்று கேட்டேன். 84ஆம் நாள் ஆணை கிடைத்தது. அந்த 28 நாளுக்கு நானும் பொறுப்பு. அந்த நாட்களில் மூத்தவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அவளுடைய புத்தகப் பையும் யூனிஃபார்மும் பூட்டிய வீட்டுக்குள் இருந்தன.

ஆணையில் கிடைத்தவை: அடிக்கவோ மிரட்டவோ கூடாது என்ற பாதுகாப்பு ஆணை, வீட்டில் வசிக்கும் உரிமை, கணவர் அந்த வீட்டிலிருந்து விலக வேண்டும் என்ற உத்தரவு, லாக்கரையும் சீதன நகையையும் யாரும் தொடக்கூடாது என்ற தடை, மாதம் 9000 ரூபாய் இடைக்கால ஜீவனாம்சம்.

இரண்டு முறை அந்தக் கதவுக்கு முன்னால்

88ஆம் நாள் ஆணை நகலோடு போனோம். பாதுகாப்பு அலுவலர், நான், மனுதாரர், அவருடைய அண்ணன். நிலையத்திலிருந்து ஒரு பெண் காவலர் வந்தார். கதவில் புதுப்பூட்டு, பளபளவென்று. மாமியார் பக்கத்தில் மாட்டுத் தொழுவத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "வீடு எனக்க பேருல. இவளுக்கு இஞ்ச என்ன வேல? சாவி எனக்க மவன்கிட்ட. அவன் எங்க போனான்னு எனக்குத் தெரியாது" என்றார். காவலர் ஆணையை வாங்கி இரண்டு முறை படித்தார். "மேடம், இதுல போலீஸ் உதவணும்னு எங்கயும் இல்லையே. பூட்ட உடைச்சா நாளைக்கு எங்கமேல கேஸ் வரும்" என்றார். அவர் சொன்னது சரி. 19(5) பிரிவில், ஆணையை நிறைவேற்ற உதவும்படி பக்கத்துக் காவல் நிலையப் பொறுப்பாளருக்கு நடுவர் உத்தரவிடலாம். ஆனால் ஆணையில் அந்த வரி இருக்க வேண்டும். எங்கள் ஆணையில் இல்லை. அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம். மூத்தவளுக்கு எங்கே போகிறோம் என்று தெரிந்திருந்தது. பையை வாங்கி வருவாள் அம்மா என்று சாயங்காலம் வரை வாசலில் நின்றாளாம்.

இந்த வேலையைச் செய்யும் வழக்கறிஞர்களிடம் என் வேண்டுகோள்: வசிப்பிட உரிமை கேட்கும்போதே 19(5)ஐயும் கேளுங்கள். பூட்டியிருந்தால் கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் பூட்டைத் திறந்து, இருப்பதைப் பட்டியல் எடுக்கவும் அனுமதி கேளுங்கள்.

93ஆம் நாள் அந்த வரியோடு உத்தரவு வாங்கினோம். 96ஆம் நாள் மறுபடி போனோம். இந்த முறை எஸ்ஐ வந்தார், விஏஓ வந்தார். பூட்டை உடைக்க ஆளும் கூட்டிப்போயிருந்தோம். தேவைப்படவில்லை. மாமியாரே மடியிலிருந்து சாவியை எடுத்து, ஒன்றும் பேசாமல் மருமகள் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது சேலை விலகிய முழங்கையில் நீலம் பாரித்த தடம் இருந்தது. நான் பார்த்தேன், மருமகளும் பார்த்தார்.

உள்ளிருந்து முதலில் எடுத்தது பள்ளிக்கூடப் பை. அப்புறம் ஸ்மார்ட் கார்டு, மூன்று ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், இளையவனின் தடுப்பூசி அட்டை. அடுக்களையில் அரிசிப் பானை காலியாக இருந்தது.

வீடு யாருடையது

மாமியாரை இரண்டாம் எதிர்மனுதாரராகச் சேர்த்திருந்தோம். "வயது வந்த ஆண்" மீதுதான் மனுப் போட முடியும் என்றிருந்த வரியை 2016இல் உச்ச நீதிமன்றம் நீக்கிய பிறகு பெண்களையும் சேர்க்கலாம். ஆனால் வசிக்கும் வீட்டிலிருந்து விலகச் சொல்லும் உத்தரவை எந்தப் பெண்ணுக்கு எதிராகவும் போட முடியாது. 19ஆம் பிரிவிலேயே அந்தக் காப்பு இருக்கிறது. நாங்கள் அப்படிக் கேட்கவும் இல்லை.

"வீடு என் பெயரில்" என்ற வாதம் ஒரு காலத்தில் ஜெயித்தது. 2006 டிசம்பரில் வந்த உச்ச நீதிமன்றத்தின் பத்ரா தீர்ப்பு, கணவருக்குச் சொந்தமான அல்லது அவர் வாடகைக்கு எடுத்த வீடு, இல்லையென்றால் அவருக்குப் பங்குள்ள கூட்டுக்குடும்ப வீடு, இவற்றில்தான் மனைவிக்கு உரிமை என்றது. மகனுக்குக் கல்யாணம் செய்தவர்கள் வீட்டை அம்மா பெயரிலேயே வைத்துக்கொள்ளும் நம் ஊர் வழக்கத்துக்கு அது வசதியாகப் போனது. 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் அந்தத் தீர்ப்பு தவறு என்றார்கள். கணவரின் உறவினர் பெயரில் இருந்தாலும், அவள் நிலையாக வாழ்ந்த வீடு, சட்டம் சொல்லும் "பகிர்ந்து வாழ்ந்த வீடு"தான்; அங்கே வசிக்க அவளுக்கு உரிமை உண்டு. அதே நேரம் அந்த உரிமை எல்லையற்றது இல்லை, வயதானவர்களின் நிலையையும் சேர்த்து எடைபோட வேண்டும் என்றும் சொன்னார்கள்.

இதற்குள் மாமியார் பெயரில், 2007ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தில், மருமகளை வெளியேற்றக் கேட்டுக் கோட்டாட்சியரிடம் ஒரு மனு போனது. எழுதிக் கொடுத்தது மகன். இப்போது பல வழக்குகளில் இது வழக்கமான வழியாகிவிட்டது. 2020 டிசம்பரில் வனிதா வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டத்தைக் காட்டிப் பெண்ணின் வசிப்பிட உரிமையைத் தானாக முறியடிக்க முடியாது, இரண்டையும் பொருத்திப் பார்க்க வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பைக் கொடுத்தோம். கோட்டாட்சியர் தாய்க்கு மகன் மாதாமாதம் கொடுக்க வேண்டிய தொகையை மட்டும் நிர்ணயித்தார். வெளியேற்றக் கேட்டதை ஏற்கவில்லை.

அந்த முழங்கைத் தடத்தைப் பற்றி மாமியாரிடம் தனியாகப் பேசினேன். தாயும் இதே சட்டத்தில் மகன் மீது மனுப் போடலாம் என்று சொன்னேன். தலையாட்டினார், போடவில்லை. அவரை எதிர்மனுதாரர் பட்டியலிலிருந்து நீக்கச் சொன்னது மருமகள்தான். இப்போது இருவரும் ஒரே வீட்டில், ஒரே அடுக்களையில் இருக்கிறார்கள். அதிகம் பேசுவதில்லை என்று கேள்வி.

ஆணையை மீறினால்

உள்ளே போய் மூன்றாம் வாரம் ஒரு ராத்திரி கணவர் வந்து மோட்டார் ஒயரை வெட்டி, கதவைக் காலால் உதைத்து, கத்திவிட்டுப் போனார். ஆணையை மீறினால் ஒரு வருடம் வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 31ஆம் பிரிவு. வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. அவளுடைய ஒரே வாக்குமூலத்தை வைத்தே நீதிமன்றம் முடிவுக்கு வரலாம்.

ஆனால் இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. 31ஆம் பிரிவின் சொற்கள் "பாதுகாப்பு ஆணையை" மீறுவதைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. வசிப்பிட ஆணையை மீறிப் பூட்டுப் போட்டாலோ, ஜீவனாம்சம் கட்டாமல் இருந்தாலோ அது 31க்குள் வருமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி தீர்ப்புச் சொல்லவில்லை. நாங்கள் இதை முன்பே யோசித்து, "மனுதாரர் அந்த வீட்டுக்குள் போவதையும் அமைதியாக வசிப்பதையும், தண்ணீர், மின்சாரம் பயன்படுத்துவதையும் தடுக்கக் கூடாது" என்ற வாசகத்தைப் பாதுகாப்பு ஆணைக்கான 18ஆம் பிரிவின் கீழும் கேட்டு வாங்கியிருந்தோம். ஆணையில் குறிப்பிடும் வேறு எந்தச் செயலையும் தடுக்க அந்தப் பிரிவு இடம் தருகிறது. அதனால்தான் மோட்டார் ஒயரை வெட்டியது பாதுகாப்பு ஆணையை மீறிய குற்றமாக எஃப்ஐஆரில் ஏறியது. ஒரு பெண்ணின் பாதுகாப்பு, அவளுடைய வழக்கறிஞருக்கு இந்த நுணுக்கம் தெரியுமா என்பதைப் பொறுத்து இருக்கக் கூடாது. 31ஆம் பிரிவில் வசிப்பிட ஆணையையும் பண நிவாரண ஆணையையும் பெயர் சொல்லிச் சேர்க்க நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவர வேண்டும். ஒரே ஒரு வரித் திருத்தம்.

கைதாகி ஒன்பது நாள் கழித்து ஜாமீனில் வந்தார். அதற்குப் பிறகு இரவில் வரவில்லை.

பணம் வேறு கதை. ஆணை வந்து 11 மாதம் ஆகிறது. இரண்டு மாதத் தொகைதான் வந்திருக்கிறது. பாக்கி 81,000 ரூபாய். ரஜ்னேஷ் - நேகா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி இரு தரப்பும் சொத்து, வருமானத்தைப் பிரமாணமாகத் தாக்கல் செய்ய வேண்டும். "வருமானம் இல்லை" என்று கணவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனால் ரப்பர் ஷீட் வியாபாரி ஒருவரிடம் வண்டி ஓட்டுகிறார் என்று தெரிந்தது. சம்பளம் கொடுப்பவரிடமிருந்தே தொகையை நேராகப் பிடித்துச் செலுத்தச் சொல்ல 20(6) பிரிவில் வழி உண்டு. அதற்கு மனுப் போட்டிருக்கிறேன். நாளைக்கே அவர் மறுபடி கல்ஃபுக்குப் போய்விட்டால் அங்கேயுள்ள முதலாளியிடம் இந்த உத்தரவை எப்படிக் கொண்டு சேர்ப்பது என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இந்த மாவட்டத்தில் இப்படி எத்தனையோ வீடுகள் இருக்கும்போது, பாக்கி வைத்தவர் வெளிநாடு போகும் முன் நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும் என்ற நிபந்தனையாவது ஆணையிலேயே வரவேண்டும் என்று கேட்டுவருகிறேன்.

மிச்சம் இருப்பது நகை. 19(8) பிரிவில் சீதனத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறோம். லாக்கரைத் திறந்தபோது 23 பவனுக்குப் பதில் 6 பவன்தான் இருந்தது. 41 பவன் போட்டதற்கு என்ன ஆதாரம் என்று எதிர்த்தரப்பு கேட்கிறது. வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985இல் வந்த விதிகள், கல்யாணத்தில் கொடுத்த பொருட்களைப் பட்டியலிட்டு இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும் என்கின்றன. எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் அப்படி ஒரு பட்டியலை நான் இதுவரை பார்த்ததில்லை. இருப்பது கல்யாண ஆல்பமும், அம்மாவின் பூக்கணக்கு நோட்டும். பிச்சிப்பூ எத்தனை கிலோ, மல்லி எத்தனை கிலோ என்று எழுதிய பக்கங்களுக்கு நடுவே ஒரு பக்கத்தில், "ஆரம் 8, வளையல் 10, நெக்லஸ் 5" என்று வரிசையாக ஒவ்வொரு நகையும் பவனும் கடைப் பெயரும் நீல மையில் இருக்கிறது. அடுத்த வாய்தாவுக்கு அந்த நோட்டோடு அம்மா சாட்சிக்கூண்டில் ஏறுகிறார்.